அமில உப்பும் உலோக ஹைட்ராக்சைடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்பில் உப்புகளின் வகைகளைப் படிக்கும்போது ‘அமில உப்பு’ என்று நான்கு வரி வரும். பாடம் அதோடு அடுத்த வகைக்குப் போய்விடும். ஆனால் அதே பொருள் பிளஸ் டூ ஆய்வகத்திலும், பொறியியல் முதலாண்டின் தண்ணீர்ச் சோதனையிலும், வீட்டில் போர் தண்ணீர் பிடிக்கும் வாளியிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். பல வருடங்களாக மாணவர்களும் பெற்றோர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். சமன்பாடுகளைக் குறியீடாக எழுதாமல் பெயராகவே எழுதியிருக்கிறேன். குறியீட்டைப் பார்த்தாலே பயப்படுகிற பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதுதான் காரணம்.

அமில உப்பு என்றால் என்ன?

பாதியில் நின்றுபோன நடுநிலையாக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கந்தக அமிலத்தில் (சல்பியூரிக் அமிலம்) கழற்றக்கூடிய ஹைட்ரஜன் இரண்டு இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடை முழு அளவு சேர்த்தால் இரண்டும் போய் சோடியம் சல்பேட் கிடைக்கும். பாதி அளவோடு நிறுத்தினால் ஒரு ஹைட்ரஜன் போய், அந்த இடத்தில் சோடியம் உட்காரும். இன்னொரு ஹைட்ரஜன் அப்படியே இருக்கும். அதுதான் சோடியம் பைசல்பேட். பெயரளவில் உப்பு, ஆனால் கையில் இன்னும் ஒரு அமில ஹைட்ரஜன் வைத்திருக்கிறது.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு இந்த வழி கிடையாது. அதனிடம் இருப்பதே ஒரு ஹைட்ரஜன்தான், போனால் போனதுதான். கார்பானிக், சல்பியூரிக், பாஸ்பாரிக், டார்டாரிக், ஆக்சாலிக் போன்ற, ஒன்றுக்கு மேற்பட்ட ஹைட்ரஜனைக் கொடுக்கக்கூடிய அமிலங்களே அமில உப்பைத் தரும். நம் புளியில் டார்டாரிக் அமிலத்தோடு பொட்டாசியம் பைடார்டரேட் என்ற அமில உப்பும் இருக்கிறது.

பெயரில் வரும் ‘பை’ எதைக் குறிக்கிறது?

‘பை’ என்றால் இரண்டு. ஆனால் சோடியம் பைகார்பனேட்டில் எதுவும் இரண்டாக இல்லையே என்று பிள்ளைகள் குழம்புவார்கள். குழம்புவது நியாயம். அந்தப் பெயர் மூலக்கூறு வாய்பாடு எழுதும் பழக்கம் வருவதற்கு முந்தியது. 1808இல் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஒரு விஷயத்தைக் காட்டினார்: ஒரே அளவு காரத்துக்கு, சாதாரணக் கார்பனேட்டில் இருப்பதைப் போலச் சரியாக இரண்டு மடங்கு கார்பானிக் அமிலம் மற்ற உப்பில் இருக்கிறது. அந்த இரண்டு மடங்குதான் ‘பை’. இன்றைய முறையான பெயர் சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட். கடையில் கேட்டால் சமையல் சோடா அல்லது ஆப்பச் சோடா.

வாய்பாட்டில் ஹைட்ரஜன் இருந்தாலே அமில உப்பா?

இல்லை. தேர்வில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இங்கேதான் விழுகிறார்கள். சோடியம் அசிட்டேட்டில் மூன்று ஹைட்ரஜன் இருக்கிறது. மூன்றும் கார்பனோடு ஒட்டியவை. எந்த ஹைட்ராக்சைடு வந்து கேட்டாலும் தண்ணீருக்குள் விட்டுக்கொடுக்காது. பாஸ்பரஸ் அமிலத்தின் கதை இன்னும் நுணுக்கமானது. அதில் மூன்று ஹைட்ரஜன் தெரியும். ஒன்று நேரடியாகப் பாஸ்பரஸ் அணுவோடு ஒட்டியிருக்கிறது, மற்ற இரண்டுதான் ஆக்சிஜன் வழியாகத் தொங்குகின்றன. ஆகவே இரண்டு சோடியம் ஏறிய டைசோடியம் பாஸ்பைட்டில் ஒரு ஹைட்ரஜன் மிச்சம் தெரிந்தாலும் அது சாதாரண உப்புதான். எத்தனை ஹைட்ரஜன் இருக்கிறது என்று எண்ணுவதை விட, எது ஆக்சிஜனில் தொங்குகிறது என்று பாருங்கள். இந்தப் பாடத்துக்குள் வரும் அமிலங்களுக்கு அது போதும்.

சமையல் சோடாக் கரைசலே காரத்தன்மை உடையது. அது எப்படி இன்னொரு காரத்தோடு வினைபுரியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்கிறவர் உண்மையிலேயே யோசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

சமையல் சோடாக் கரைசலின் பிஎச் சுமார் 8.3. சிவப்பு லிட்மஸ் லேசாக நீலமாகும். அதனால் அதைக் காரம் என்று முத்திரை குத்திவிடுகிறோம். ஆனால் அந்த 8.3 என்பது தண்ணீரின் எதிரில் நிற்கும்போது அது நடந்துகொள்ளும் விதம், அவ்வளவுதான். ஒரே பெண் தன் மாமியாருக்கு மருமகள், தன் மருமகளுக்கு மாமியார். பைகார்பனேட் அயனியும் அப்படித்தான். வினிகர் வந்தால் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ளும்; அப்போது அது காரம். ஹைட்ராக்சைடு வந்தால் தன்னிடம் உள்ள ஹைட்ரஜனைக் கொடுத்துவிடும். அப்போது அது அமிலம். ஹைட்ராக்சைடு அயனி அந்த ஹைட்ரஜனைப் பிடித்துத் தண்ணீராகிறது, பைகார்பனேட் கார்பனேட்டாகிறது:

சோடியம் பைகார்பனேட் + சோடியம் ஹைட்ராக்சைடு → சோடியம் கார்பனேட் + நீர்

எடையில் சொன்னால் 8.4 கிராம் சமையல் சோடாவும் 4 கிராம் எரிசோடாவும் (சோடியம் ஹைட்ராக்சைடு) சேர்ந்து 10.6 கிராம் சலவைச் சோடாவும் (சோடியம் கார்பனேட்) 1.8 கிராம் தண்ணீரும் ஆகும். கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 12.4.

கண்ணுக்கு எதுவும் தெரியாது. நிறமற்ற இரண்டு கரைசல் சேர்ந்து நிறமற்ற மூன்றாவது ஒன்றாகும். ஆனால் வெப்பமானி பொய் சொல்லாது. ஒரு மோலார் கரைசல் இரண்டிலும் 100 மில்லிலிட்டர் எடுத்துக் கலந்தால் வெப்பநிலை கிட்டத்தட்ட 5 டிகிரி செல்சியஸ் ஏறும். அதே அளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால் 6.5 டிகிரிக்கு மேலே போகும். வித்தியாசத்துக்குக் காரணம், பைகார்பனேட் அந்த ஹைட்ரஜனை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதைப் பிடுங்குவதற்கே கொஞ்சம் ஆற்றல் செலவாகிறது. ஆய்வகத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். எதுவும் நடக்கவில்லை என்று நினைத்த பிள்ளை பாதரசம் ஏறுவதைப் பார்க்கும் முகத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

நுரை ஏன் வரவில்லை? சமையல் சோடா என்றாலே பொங்க வேண்டாமா?

பொங்குவது அமிலம் சேர்த்தால் மட்டும். அங்கே பைகார்பனேட் ஒரு ஹைட்ரஜனை வாங்கிக் கார்பானிக் அமிலமாகி, அது உடைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது. ஹைட்ராக்சைடோடு சேரும்போது எதிர்த்திசையில் போகிறது. இங்கே வாயுவுக்கு வழியே இல்லை. விடைத்தாளில் அமில உப்பு, ஹைட்ராக்சைடு என்று எழுதிவிட்டு வலது பக்கம் கார்பன் டை ஆக்சைடைப் போட்டால் மதிப்பெண் போய்விடும்.

சமையல் சோடாவைச் சுண்ணாம்போடு சேர்த்தால் ஒரு புத்தகத்தில் எரிசோடா வருகிறது, இன்னொன்றில் சலவைச் சோடா வருகிறது. எது சரி?

இரண்டும் சரி. எவ்வளவு எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மனப்பாடம் செய்யாமல் இரண்டு படியாக யோசியுங்கள்.

முதல் படி: பைகார்பனேட் ஒன்றுக்கு ஹைட்ராக்சைடு ஒன்று என்று சேர்ந்து கார்பனேட்டும் தண்ணீரும் ஆகும். இரண்டாம் படி: பிறந்த கார்பனேட்டைக் கால்சியம் உடனே பிடித்துக்கொண்டு வெள்ளை வீழ்படிவாக இறங்கிவிடும். கால்சியம் ஹைட்ராக்சைடு ஒன்றில் ஹைட்ராக்சைடு இரண்டு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

8.4 கிராம் சமையல் சோடாவோடு 7.4 கிராம் நீற்றிய சுண்ணாம்பு (கால்சியம் ஹைட்ராக்சைடு) சேர்த்தால், அதாவது ஒன்றுக்கு ஒன்று மோல் கணக்கில், ஹைட்ராக்சைடில் பாதிக்கு வேலையில்லை. அது சோடியத்தோடு கரைசலில் மிஞ்சும்:

சோடியம் பைகார்பனேட் + கால்சியம் ஹைட்ராக்சைடு → கால்சியம் கார்பனேட் + சோடியம் ஹைட்ராக்சைடு + நீர்

சமையல் சோடாவை இரண்டு மடங்காக, 16.8 கிராமாக எடுத்தால் ஹைட்ராக்சைடு முழுதும் தீர்ந்துவிடும். கார்பனேட் இரண்டு பங்கு பிறக்கும்; கால்சியம் ஒரு பங்கைத்தான் இறக்கும்; மற்றது சலவைச் சோடாவாகக் கரைசலில் நிற்கும்:

2 சோடியம் பைகார்பனேட் + கால்சியம் ஹைட்ராக்சைடு → கால்சியம் கார்பனேட் + சோடியம் கார்பனேட் + 2 நீர்

இரண்டுக்கும் நடுவில் எடுத்தால்? 12.6 கிராம் என்று வையுங்கள். கால்சியம் கார்பனேட் 10 கிராம், சலவைச் சோடா 5.3 கிராம், எரிசோடா 2 கிராம், தண்ணீர் 2.7 கிராம். நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கு ஒருமுறை கையில் வந்துவிட்டால் போட்டித் தேர்வில் இந்த வகையில் எதைக் கேட்டாலும் வந்துவிடும்.

பேரியம் ஹைட்ராக்சைடும் சோடியம் பைசல்பேட்டும் இதே கதைதான். கார்பனேட் இருந்த இடத்தில் சல்பேட், கால்சியம் இருந்த இடத்தில் பேரியம்.

சோடியத்தின் அமில உப்போடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் யாருடைய உப்பு கிடைக்கும்?

கரைசலில் யாருடையதும் இல்லை. சோடியம் அயனி, பொட்டாசியம் அயனி, கார்பனேட் அயனி மூன்றும் தனித்தனியாக நீந்துகின்றன. தாளில் சமன்செய்ய வேண்டுமே என்பதற்காக 2 சோடியம் பைகார்பனேட்டும் 2 பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட், 2 நீர் ஆகும் என்று எழுதுவோம். கால்சியமோ பேரியமோ இருந்து வீழ்படிவு இறங்கும்போது மட்டும்தான் யார் யாரோடு போனார்கள் என்ற கேள்விக்குப் பொருள் உண்டு.

இந்த வினையை வீட்டில் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். சோடியம் உப்புகளில் ஒன்றும் தெரியாது, கால்சியத்தில் தெரியும்.

வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு அரைத் தேக்கரண்டி எடுத்து, ஒரு லிட்டர் பாட்டிலில் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைத்தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி அதில் கலக்குங்கள். மூடியை இறுக்கி இரவு முழுதும் விடுங்கள். காலையில் மேலே தெளிந்திருக்கும் தண்ணீரை அசைக்காமல் வேறு பாட்டிலுக்குச் சாய்த்துக்கொள்ளுங்கள். இதுதான் தெளிந்த சுண்ணாம்பு நீர். ஒரு லிட்டரில் ஒன்றே முக்கால் கிராம் அளவுக்குத்தான் சுண்ணாம்பு கரையும்; அதற்கே அதன் பிஎச் 12க்கு மேலே. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இப்போது இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் கால் டம்ளர் சுண்ணாம்பு நீரை ஊற்றுங்கள். முதல் டம்ளர் அப்படியே தெளிவாக நிற்கும். இரண்டாவதில், ஊற்றிய இடத்திலிருந்து புகை மாதிரி வெண்மை சுருண்டு இறங்கும். கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுதும் நீர்மோர் போல ஆகிவிடும். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும்.

என்ன நடந்தது? மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு, சுண்ணாம்புப் பாறையைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்து எடுத்து வருகிறது. இந்த அமில உப்பைப் பொடியாக எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கரைசலில் மட்டுமே இருக்கும். தண்ணீரை வற்றவைத்தால் கார்பனேட்டாக மாறிவிடும். உங்கள் போர் தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. சுண்ணாம்பு நீரில் இருந்த ஹைட்ராக்சைடு அதன் ஹைட்ரஜனை வாங்கியதும் வெளியே வந்துவிட்டது:

கால்சியம் பைகார்பனேட் + கால்சியம் ஹைட்ராக்சைடு → 2 கால்சியம் கார்பனேட் + 2 நீர்

மூன்றாவது டம்ளரும் வையுங்கள். போர் தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடிகட்டி அதில் ஊற்றினால் கலங்கல் குறைவாக இருக்கும். பைகார்பனேட்டில் பெரும்பங்கு ஏற்கெனவே பாத்திரத்தின் அடியில் படிந்துவிட்டது.

சுண்ணாம்பு நீரில் ஊதினால் பாலாகி மறுபடி தெளியும் என்கிறார்கள். ஊதி ஊதி மூச்சு வாங்குகிறது, தெளியவே இல்லையே?

உங்கள் தவறு இல்லை. சுண்ணாம்பு நீர் கெட்டியாக இருக்கிறது. முழுச்செறிவுள்ள சுண்ணாம்பு நீரில் உண்டாகும் கார்பனேட் அவ்வளவையும் பைகார்பனேட்டாகக் கரைக்க, தூய கார்பன் டை ஆக்சைடு செலுத்தினாலே போதாது. நம் மூச்சில் அது 4 சதவீத அளவுதான். ஒரு பங்கு சுண்ணாம்பு நீரை ஒன்பது பங்கு ஆர்.ஓ. தண்ணீரில் கலந்துவிட்டு ஊதுங்கள். முதலில் லேசாக வெளுக்கும், பொறுமையாக ஊதினால் மெல்லத் தெளியும். தெளிந்த பிறகு நிறுத்திவிடாதீர்கள். அதில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீரை விடுங்கள். திரும்பவும் பாலாகும். அந்த இரண்டாவது பால்தான் நம் வினை. பெரும்பாலான வகுப்புகளில் தெளிந்ததோடு கை கழுவப் போய்விடுகிறார்கள். ஊதும்போது உறிஞ்சிவிடாமல் இருக்கப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் வினிகரோ சமையல் சோடாவோ போட்டு நடுநிலையாக்கலாமா?

கூடவே கூடாது. தண்ணீர், தண்ணீர், தண்ணீர் மட்டும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் விளையாட்டாக அழுத்தி, அது பிதுங்கிக் கண்ணில் தெறிப்பது நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விபத்து. பார்வையே போகலாம். இமையைத் திறந்து பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். அப்புறம் நேராக மருத்துவமனை. நடுநிலையாக்கல் வெப்பம் தரும் வினை என்று மேலே பார்த்தோம். அந்தச் சூடு கண்ணுக்குள் வேண்டாம். பாக்கெட்டைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

சுண்ணாம்பு போட்டே கடின நீரை மென்னீராக்கலாம் என்கிறார்கள். கால்சியத்தை எடுக்கக் கால்சியத்தையே போடுவதா?

முதலில் கேட்கும்போது எனக்கும் விசித்திரமாகத்தான் இருந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க் 1841இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். டம்ளரில் பார்த்த அதே வினை. அவர் அதை ஊருக்கே செய்தார். போடும் கால்சியம் ஒரு பங்கு, தண்ணீரில் இருந்த கால்சியம் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்து கீழே இறங்குகின்றன. போட்டதும் தங்குவதில்லை, இருந்ததும் தங்குவதில்லை.

ஆயிரம் லிட்டர் தொட்டி, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்கு 200 மில்லிகிராம் தற்காலிகக் கடினத்தன்மை (பைகார்பனேட்டால் வருவது), எல்லாம் கால்சியத்தால் வந்தது என்று வைத்துக்கொண்டால், தூய நீற்றிய சுண்ணாம்பு 148 கிராம் தேவை. அடியில் 400 கிராம் கால்சியம் கார்பனேட் படியும். தண்ணீரில் தனியாகக் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் சுண்ணாம்பைத் தின்னும் என்பதால் நடைமுறையில் கொஞ்சம் கூடுதல் ஆகும்.

ஆனால் அளக்காமல் கைப்பிடிக் கணக்கில் தொட்டியில் போடாதீர்கள். பைகார்பனேட் தீர்ந்த பிறகு விழும் ஒவ்வொரு கிராமும் புதிய கடினத்தன்மை. பிஎச்சும் ஏறிக்கொண்டே போகும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தில் பிஎச் 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்புடையது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பு போட்ட பிறகு கார்பன் டை ஆக்சைடு செலுத்தி பிஎச்சைக் கீழே கொண்டுவருவார்கள்.

மக்னீசியம் இருந்தால் சுண்ணாம்பு இரண்டு மடங்கு வேண்டும் என்பது ஏன்?

கால்சியம் கார்பனேட் கிட்டத்தட்டக் கரையாது. மக்னீசியம் கார்பனேட் ஓரளவு கரையும், அதனால் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதை இறக்க மக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாற்ற வேண்டும். ஹைட்ரஜனை எடுக்க ஒரு பங்கு சுண்ணாம்பு, மக்னீசியத்தை ஹைட்ராக்சைடாக இறக்க இன்னொரு பங்கு:

மக்னீசியம் பைகார்பனேட் + 2 கால்சியம் ஹைட்ராக்சைடு → மக்னீசியம் ஹைட்ராக்சைடு + 2 கால்சியம் கார்பனேட் + 2 நீர்

நிரந்தரக் கடினத்தன்மை வேறு விஷயம். கால்சியம் சல்பேட்டும் குளோரைடும் சாதாரண உப்புகள். ஹைட்ராக்சைடுக்குக் கொடுக்க அவற்றிடம் ஹைட்ரஜன் இல்லை. அதனால்தான் கால்சியத்தால் வந்த நிரந்தரக் கடினத்தன்மையைச் சுண்ணாம்பு தொடுவதில்லை. அதற்குச் சலவைச் சோடா வேண்டும்.

கான்கிரீட் தொட்டியில் கசிந்த மயிரிழை விரிசல் சில மாதத்தில் தானாக அடைபட்டு வெள்ளைக் கோடாக நிற்கிறதே?

அதிலும் பெரும்பங்கு இந்த வினைதான். இறுகிய சிமெண்டுக்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. கசிகிற தண்ணீரில் பைகார்பனேட் இருக்கிறது. விரிசலுக்குள் இரண்டும் சந்தித்துக் கால்சியம் கார்பனேட் வளர்ந்து அடைக்கிறது. மெல்லிய விரிசலுக்கு மட்டும் இது பொருந்தும். பெரியதற்குக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

எந்த உலோக ஹைட்ராக்சைடாக இருந்தாலும் வினை நடக்குமா?

இரண்டைப் பார்க்க வேண்டும்: அமில உப்பு எவ்வளவு வலுவானது, ஹைட்ராக்சைடு தண்ணீரில் எவ்வளவு கரையும். சோடியம் பைசல்பேட் வலுவானது. அதன் 0.1 மோலார் கரைசலின் பிஎச் 2க்கும் கீழே. தாமிர ஹைட்ராக்சைடின் வெளிர்நீலக் கூழ் மேல் அதை ஊற்றினால் கூழ் கரைந்து தெளிந்த நீலக் கரைசல் ஆகும். இரும்பு, மக்னீசியம், அலுமினியம் ஹைட்ராக்சைடுகளையும் அது கரைக்கும். நகைப் பட்டறைகளில் பற்றவைத்த பிறகு கறுத்துப்போன மேற்பரப்பைச் சுத்தம் செய்ய இந்த உப்பைப் பயன்படுத்துவதும் இதனால்தான். அங்கே ஹைட்ராக்சைடுக்குப் பதில் தாமிர ஆக்சைடு.

பைகார்பனேட்டுக்கு அந்த வலு இல்லை. கலங்கல் தண்ணீரில் படிகாரம் போட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். படிகாரத்தின் அலுமினியம் தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டோடு சேர்ந்து, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிட்டு, அலுமினியம் ஹைட்ராக்சைடாகத் திரண்டு சேற்றை இழுத்துக்கொண்டு இறங்குகிறது. மிச்சப் பைகார்பனேட் பக்கத்திலேயே இருந்தும் அந்த ஹைட்ராக்சைடை எதுவும் செய்வதில்லை. கரையாத ஹைட்ராக்சைடு தன் ஹைட்ராக்சைடு அயனியைத் தண்ணீருக்குள் விடாது என்பதால்தான்.

டி.ஏ.பி. உரத்தைச் சுண்ணாம்போடு கலக்கக் கூடாது என்கிறார்கள். அதுவும் இதுதானா?

ஆமாம், கொஞ்சம் திருப்பத்தோடு. டி.ஏ.பி. என்பது டை அம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், ஒரு அமில உப்பு. பாஸ்பேட்டில் ஒரு ஹைட்ரஜன் மிச்சம் இருக்கிறது; சுண்ணாம்பு அதைத்தான் எடுக்கும் என்று நினைப்போம். ஆனால் அந்த மூன்றாவது ஹைட்ரஜனைப் பாஸ்பேட் மிக இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. அதை விட எளிதாக விட்டுக்கொடுப்பது அம்மோனியம். அது ஹைட்ரஜனை இழந்ததும் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும்:

டை அம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் + கால்சியம் ஹைட்ராக்சைடு → கால்சியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் + 2 அம்மோனியா + 2 நீர்

மூட்டையில் எழுதியிருக்கும் 18 சதவீதத் தழைச்சத்து காற்றோடு போகிறது. மணிச்சத்தும் கால்சியத்தோடு சேர்ந்து எளிதில் கரையாததாகிவிடும். உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் பூக்கும் சமயத்தில் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கிறோமே, அதை முந்தின இரவு ஊறவைக்கும் வாளி சுண்ணாம்பு கரைத்த வாளியாக இருந்தால் நன்றாகக் கழுவிவிட்டு எடுங்கள். காசு கொடுத்து வாங்கிய சத்து.

தண்ணீர்ச் சோதனை அட்டவணையில் ஹைட்ராக்சைடும் பைகார்பனேட்டும் சேர்ந்த வரிசையே இல்லையே, அச்சுப்பிழையா?

பிழை இல்லை. பொறியியல் முதலாண்டில் காரத்தன்மை கண்டுபிடிக்கும்போது அமிலம் விட்டு, பினாப்தலீன் என்ற நிறங்காட்டியில் ஒரு அளவு, மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியில் மொத்த அளவு என்று எடுப்பீர்கள். பினாப்தலீன் அளவு சுழி என்றால் பைகார்பனேட் மட்டும். மொத்தத்துக்குச் சமம் என்றால் ஹைட்ராக்சைடு மட்டும். சரிபாதி என்றால் கார்பனேட் மட்டும். பாதிக்கு மேல் என்றால் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும், பாதிக்குக் கீழ் என்றால் கார்பனேட்டும் பைகார்பனேட்டும். ஆறாவது சேர்க்கைக்கு இடமில்லை. ஹைட்ராக்சைடும் பைகார்பனேட்டும் ஒரே தண்ணீரில் சந்தித்தால் ஒன்று தீரும்வரை வினை நடந்து கார்பனேட் ஆகிவிடும். இந்தப் பக்கத்தில் முதலிலிருந்து பார்த்துவரும் ஒரே வினைதான் அந்த அட்டவணையை எழுதியிருக்கிறது. நான் படித்த காலத்தில் ஐந்து வரியையும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. அது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

எரிசோடாவின் செறிவைக் கண்டுபிடிக்க அமில உப்பைப் பயன்படுத்துவது ஏன்?

எரிசோடாவை எடைபோட்டு நம்ப முடியாது. தட்டில் வைத்த உடனே ஈரத்தை இழுத்துப் பளபளவென்று வியர்க்கும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் வாங்கிக்கொள்ளும். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் அப்படியில்லை. ஈரம் இழுக்காத வெள்ளைப் படிகம், தூய்மையாகக் கிடைக்கும், கொடுப்பதற்குச் சரியாக ஒரு ஹைட்ரஜன். மூலக்கூறு நிறை 204.22 என்று பெரியதாக இருப்பதால் எடைபோடும்போது வரும் சிறு பிழை பெரிதாகத் தெரியாது. 0.5106 கிராம் எடுத்தால் 0.1 மோலார் எரிசோடா சரியாக 25 மில்லிலிட்டர் செலவாகும்.

சமையல் சோடாவை இதற்குப் பயன்படுத்த முடியாது. அதன் தொடக்க பிஎச்சே 8.3, பினாப்தலீன் நிறம் மாறத் தொடங்குவது 8.2இல். ஆரம்பத்திலிருந்தே லேசான இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும், முடிவுப்புள்ளி எங்கே என்று சொல்லவே முடியாது.

முடிவுப்புள்ளியில் வந்த இளஞ்சிவப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் வெளுத்துவிட்டது. இன்னும் சொட்டு விடலாமா?

விடாதீர்கள். கூம்புக்குடுவையின் வாய் திறந்திருக்கிறது. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு உள்ளே கரைகிறது. கடைசிச் சொட்டில் மிஞ்சியிருந்த அந்தத் துளி ஹைட்ராக்சைடை அது பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது, பிஎச் 8.2க்குக் கீழே நழுவுகிறது, நிறம் போகிறது. குடுவையைச் சுழற்றிய பிறகு இளஞ்சிவப்பு 30 வினாடி நின்றால் போதும், அதுவே உங்கள் முடிவுப்புள்ளி. பியூரெட்டின் அளவைக் கண்மட்டத்தில் படித்து உடனே நோட்டில் எழுதிவிடுங்கள்.